ஒரே அடுப்பு, ஐந்து தட்டு: மாமியாருக்குச் சர்க்கரை, வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட், மகனுக்கு எடை

ஆயர்ஈத்தாம் மருமகள் · செவ்வாய், இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் பினாங்கில் இருக்கிறோம், வீட்டில் ஐந்து பேர். மாமியாருக்கு 68 வயது, பதினோரு வருடமாகச் சர்க்கரை. போன வாரம் அரசாங்கக் கிளினிக்கில் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு (HbA1c) பார்த்ததில் 8.9. வீட்டுக்காரருக்குப் பாயான் லெப்பாஸில் வேலை, இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இப்போதுதான் பிரஷர் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். மகனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் எடை பார்த்துவிட்டுக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். அவன் அதைப் புத்தகப்பையின் அடியில் ஒளித்துவைத்திருந்தான். மகளுக்கு ஒன்பது, ஒல்லி. காய் என்றால் வாயைப் பூட்டிக்கொள்வாள். எனக்கு அதே கணக்கு 5.9, "பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள்.

கிளினிக்கில் தட்டுப் படம் போட்ட ஒரு தாள் தந்தார்கள், சுக்கு-சுக்கு செப்பாரோ. மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். "சுக்கா? அதைத்தான் தினமும் தட்டித் தேயில் போடுகிறேனே, இன்னும் எவ்வளவு போடச் சொல்கிறார்கள்?" என்று கேட்டார். மலாயில் சுக்கு என்றால் கால் பங்கு, செப்பாரோ என்றால் பாதி என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் அவருக்குச் சீரியல் ஆரம்பித்துவிட்டது.

என் கேள்வி இதுதான். நானும் அரைநாள் வேலைக்குப் போகிறேன். மாமியாருக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று மூன்று சமையல் என்னால் முடியாது. ஒரே சமையலில் எல்லாருக்கும் ஒத்துவருகிற மாதிரி எதைப் பிடித்துக்கொள்வது? ஓட்ஸ், சியா விதை என்று சொல்லாதீர்கள். வாங்கியாயிற்று, டப்பாவில் அப்படியே இருக்கிறது.


சோறில்லா ஜீவன் · இரவு 10.58

அக்கா, ஒரே வரிதான். சோற்றை நிறுத்துங்கள்.

நான் போன வருடம் சோறு, ரொட்டி, மீ (நூடுல்ஸ்) எல்லாவற்றையும் விட்டேன். முட்டை, கோழி, மீன், கீரை மட்டும்தான். நான்கு மாதத்தில் 11 கிலோ இறங்கியது. மாமியாருக்கும் இதுதான் மருந்து. சோறு இருக்கும்வரை சர்க்கரை இறங்காது.


பழைய மிஸ்ஸி · இரவு 11.35

தம்பி, உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொண்டதில் சந்தோஷம். ஆனால் 68 வயதம்மாவுக்குச் சோற்றை நிறுத்தச் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்டிருக்க வேண்டும், என்ன மருந்து எடுக்கிறார் என்று. இன்சுலின் போடுகிறவரோ கிளிக்லசைடு மாதிரி மாத்திரை எடுக்கிறவரோ மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு திடீரென்று மாவுச்சத்தை நிறுத்தினால் சர்க்கரை தடாலென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். வயதானவர் குளியலறையில் விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள், அப்படி விழுந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மருமகளே, மாத்திரை அட்டையைப் பார்த்து எழுதம்மா.


ஆயர்ஈத்தாம் மருமகள் · இரவு 11.41

மெட்ஃபார்மின், கிளிக்லசைடு இரண்டும் எடுக்கிறார், மிஸ்ஸி. இன்சுலின் வேண்டாம் என்று அழுது தள்ளிப்போட்டிருக்கிறார்.


பழைய மிஸ்ஸி · புதன், காலை 6.20

சரி. அப்படியானால் சோற்றைக் குறைக்கலாம், ஆனால் படிப்படியாக. குறைக்கப்போவதைக் கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மாத்திரை அளவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போட வேண்டாம். வியர்த்து நடுங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி நேரத்தில் திரும்பப் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் 5.9 சும்மா விடுகிற எண் இல்லை. வெளிநாட்டுப் புத்தகங்களில் 6.5 ஆனால்தான் நீரிழிவு. நம் நாட்டு வழிகாட்டியில் கோடு 6.3. அதனால் 5.7-இலிருந்தே எல்லையில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019 தேசிய ஆய்வில் 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களாகிய நாம்தான் முதலிடம். வேறு எதில் முதலிடம் வந்தோமோ இல்லையோ.

ஒரு கேள்வி. இரவுச் சாப்பாட்டுக்கு எத்தனை கப் அரிசி போடுகிறீர்கள்? ரைஸ் குக்கரோடு வரும் அந்தப் பிளாஸ்டிக் கப்பில் சொல்லுங்கள்.


ஆயர்ஈத்தாம் மருமகள் · காலை 6.55

நான்கு. நான் மூன்றரைதான் போடுவேன். மாமியார் பின்னாலேயே வந்து அரை கப் சேர்ப்பார், "யாராவது வந்தால்" என்று.


பழைய மிஸ்ஸி · காலை 9.10

கணக்குப் போடுவோம். அந்தக் கப் 180 மில்லி, அரிசி சுமார் 150 கிராம் பிடிக்கும். நான்கு கப் 600 கிராம். வெள்ளை அரிசியில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்து. ஆக ஒரு பானையில் 470 கிராம் அளவுக்கு மாவுச்சத்து, ஆளுக்கு 94. அதுவும் சமமாகப் பிரித்தால். வீட்டுக்காரர் இரண்டு பங்கு சாப்பிடுவார், மகள் கால் பங்கு கொறிப்பாள், அது வேறு கதை. காலையில் தோசை, சாயங்காலம் தேயோடு பிஸ்கட் எல்லாம் இதில் சேரவில்லை.

இனி அந்தச் சுக்கு-சுக்கு படம். தட்டில் பாதி காய், பழம். கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, தாஹு (சோயாப் பால்கட்டி). நம் ஆட்களிடம் இதைச் சொல்லும்போது, வாழை இலைச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள் என்பேன். நடுவில் சோற்று மலை, மேல் ஓரத்தில் பொட்டு வைத்த மாதிரி மூன்று காய். அந்த மூன்றில் ஒன்று உருளைக்கிழங்குப் பிரட்டல். உருளையைச் சோற்றுக் கணக்கில் எழுதுங்கள், காய்க் கணக்கில் எழுதாதீர்கள். மலை இருக்கிற இடத்துக்குக் காயும் காய் இருக்கிற இடத்துக்குச் சோறும் வந்துவிட்டால் படம் சரியாகிவிடும். சமையலை மாற்ற வேண்டாம், தட்டில் இடத்தை மாற்றுங்கள்.

மூன்று சமையல் வேண்டாம் என்றீர்களே, வேண்டவே வேண்டாம். குழம்பு ஒன்று, காய் இரண்டு (ஒன்று கீரையாக இருக்கட்டும்), மீனோ முட்டையோ ஒன்று. மாமியார் தட்டில் சோறு ஒரு சின்னக் கிண்ணம், உங்களுக்கும் அதே. வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கூட. மகளுக்கு அவள் கேட்கிற அளவு. எல்லாரும் ஒரே பானையில் சாப்பிட்டால்தான் பெரியவர்களுக்கு "என்னை ஒதுக்கிவிட்டார்கள்" என்ற நினைப்பு வராது. நோயாளிச் சாப்பாடு என்று தனியாக ஒரு தட்டு நீட்டினால் கட்டாயம் திருடித் தின்பார்கள். என் அம்மாவே தலையணைக்கடியில் முறுக்கு வைத்திருந்தார்.

பையனைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும்.


தண்ணி கலக்கி · மதியம் 3.05

நான் ஜார்ஜ்டவுனில் ஒரு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தண்ணி, அதாவது டீ, காப்பி கலக்குகிறவன். ஒன்பது வருடம். எல்லாரும் சோற்றைப் பற்றியே பேசுகிறீர்கள், கையில் இருக்கும் கிளாஸை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு தே தாரிக்குக்கு, அதாவது இழுத்து ஆற்றிய பால் டீக்கு, நான் போடுவது மேசைக்கரண்டியால் இரண்டு குவியல் கெட்டிப்பால். கரண்டி பாலில் இறங்கி வெளியே வரும்போது அடியிலும் ஒட்டிக்கொண்டு வரும், அதையும் கிளாஸ் விளிம்பில் வழித்துவிடுவோம். தலை தட்டிய ஒரு கரண்டியிலேயே சீனி சுமார் 10 கிராம். இரண்டுக்கு 20, குவியலுக்கு இன்னும் மேலே. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவு பந்து பார்க்கும்போது ஒன்று என்றால் 60-ஐத் தாண்டிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் கீழே, முடிந்தால் 25-க்குள் என்கிறது. அந்த ஆள் ஒரு வாய் சோறு சாப்பிடுவதற்கு முன்னாலேயே கணக்கு முடிந்தது.

உள் விஷயம் ஒன்று. "தே தாரிக் கூராங் மானிஸ்" (இனிப்புக் குறைவாக) என்று கேட்டால் நாங்கள் ஒன்றரைக் கரண்டி போடுவோம், அவ்வளவுதான். அதற்குக் கீழே போனால் பாலும் குறைந்து சாயத்தண்ணி ஆகிவிடும், திருப்பி அனுப்புவார்கள். ஏனென்றால் கெட்டிப்பாலில் சீனியும் பாலும் ஒன்றாகவே இருக்கிறது, பிரிக்க முடியாது. தே சி கேளுங்கள், சீனி கலக்காத டின் பால் ஊற்றுகிற டீ. அதில் பால் வேறு, சீனி வேறு. "தே சி கோசோங்" என்றால் சீனியே விழாது. "தே ஓ கோசோங்" என்றால் வெறும் சாயம். ரிப்பன் பக்கோடா மாதிரி எதையாவது கடித்துக்கொண்டு குடித்தால் தெரியவே தெரியாது. (பக்கோடா கணக்கு மிஸ்ஸியிடம்.)


பிரிக்பீல்ட்ஸ் தம்பி · மாலை 6.12

அண்ணே, அதனால்தான் அரசாங்கம் வரி போட்டது. 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென், இப்போது 90 சென்.


தண்ணி கலக்கி · மாலை 6.30

அந்த வரி டின்னிலும் போத்தலிலும் அடைத்து விற்கிற தண்ணிக்குத் தம்பி. என் கிளாஸுக்கு யாரும் வரி போடவில்லை. நான் இழுக்க இழுக்க நுரை வரும், சீனி போகாது.


ராகி ராமசாமி · இரவு 8.44

வெள்ளை அரிசிதான் எல்லாவற்றுக்கும் காரணம். நம் முன்னோர் கேழ்வரகு, கம்பு, சாமை சாப்பிட்டு நூறு வயது வாழ்ந்தார்கள். லிட்டில் இந்தியாவில் எல்லாம் கிடைக்கிறது. மாமியாருக்குக் காலையில் ராகிக் கூழ், இரவில் ராகித் தோசை கொடுங்கள். வாரம் மூன்று நாள் பாகற்காய்ச் சாறு. மாத்திரையே தேவைப்படாது.


பழைய மிஸ்ஸி · இரவு 9.30

ராமசாமி ஐயா, ராகி நல்லதுதான். சுண்ணாம்புச் சத்துக்கு அதை அடிக்க இன்னொரு தானியம் இல்லை, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். நார்ச்சத்தும் உண்டு. ஆனால் அதே 100 கிராமில் மாவுச்சத்தும் 70 கிராம் இருக்கிறது. மாவாக அரைத்து, கூழாகக் காய்ச்சி, பெரிய சொம்பில் குடித்தால் மளமளவென்று இரத்தத்தில் ஏறும். ராகி என்பதற்காக அளவில்லை என்று நினைத்துவிடுகிறோம், அங்கேதான் தவறுகிறோம். கூழுக்குப் பதில் ராகி ரொட்டி ஒன்று, கூடவே முருங்கைக்கீரை, ஒரு முட்டை என்றால் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

பாகற்காயைப் பிரட்டிச் சாப்பிடுங்கள், அருமையான காய். மாத்திரைக்குப் பதிலாகச் சாறு குடிக்கக் கூடாது. "மாத்திரை தேவைப்படாது" என்ற அந்த ஒரு வரியை நம்பிக் கால் விரலை இழந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். தயவுசெய்து அதை எழுதாதீர்கள்.

அதோடு இதையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நாள்பட்டால் சிறுநீரகம் பழுதாகலாம். மாமியாருக்கு அந்தச் சோதனை எப்படி இருக்கிறதென்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகம் கெட்டவர்கள் நட்சத்திரப்பழத்தைத் தொடவே கூடாது. இங்கே வீட்டுக்கு வீடு பின்கட்டில் காய்த்துக் கிடக்கிறது, இனிப்பில்லாத பழம்தானே என்று கொடுத்துவிடுவார்கள். இளநீரும் அவர்களுக்குக் கேட்டுத்தான்.


சோறில்லா ஜீவன் · இரவு 9.52

மிஸ்ஸி, மருந்து விஷயம் நான் யோசிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்குச் சோறு கொஞ்சமாகச் சாப்பிடுவதைவிட விட்டுவிடுவது சுலபமாக இருந்தது. தட்டில் இருந்தால் கை நிற்காது.


பழைய மிஸ்ஸி · இரவு 10.01

அதுவும் உண்மைதான். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு மாத்திரை இல்லை, வயது இருக்கிறது, செய்யுங்கள். கொழுப்பை மட்டும் வருடத்துக்கொரு தரம் சோதித்துக்கொள்ளுங்கள். சோறில்லை என்று தோலோடு கோழியும் தேங்காய்ப்பால் குழம்புமாகப் போகவேண்டாம்.


தோட்டத்துப் பிள்ளை · வியாழன், காலை 7.15

அந்த "யாராவது வந்தால்" அரை கப்பைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எனக்கு 71 வயது. தென் செபராங் பிறையில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் வெட்டப் போவார், நாளுக்கு நானூறு ஐநூறு மரம். மரத்துக்கு மரம் நடை, குனிந்து நிமிர்ந்து வெட்டு, அப்புறம் வாளி நிறையப் பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடை. பத்தரைக்கு வந்து அவர் சாப்பிட்ட சோற்றை இன்று பார்த்தால் நீங்கள் பயந்துவிடுவீர்கள். கூடவே கருவாடு, புளிக்குழம்பு, வேலியோரத்துக் கீரை. அவருக்கு இனிப்புநீர் வரவில்லை. நான் அதே சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு இருபத்தெட்டு வருடம் டிப்போவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு வந்தது. முன்னோர் சாப்பாடு என்கிறோம், முன்னோர் நடையை விட்டுவிடுகிறோம்.

அரை கப் விஷயத்துக்கு வருகிறேன். என் அம்மா ஜப்பான்காரன் காலத்தில் பிள்ளை. 1942-லிருந்து மூன்றரை வருடம் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கையே தின்று வளர்ந்தவர். சாகும்வரை மரவள்ளியைக் கண்ணால் பார்க்க மாட்டார். பானையில் ஒரு பிடி மிஞ்சவில்லை என்றால் அவருக்குத் தூக்கம் வராது. உங்கள் மாமியாருக்கு 68 என்றால் அவருடைய அம்மாவும் அப்படி ஒரு அடுப்பில்தான் நின்றிருப்பார். அரை கப்பை நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள் மருமகளே, சண்டைதான் வரும். மிஞ்சியதில் இரவே தண்ணீர் ஊற்றி வைத்துவிடுங்கள். காலையில் மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு, எல்லாரும் ஆளுக்கு ஒரு கிண்ணம் பசியாறிவிட்டுப் போகலாம். தோசை மாவு ஒரு நாள் மிச்சம்.


பழைய மிஸ்ஸி · காலை 8.02

ஐயா சொன்னதில் மருத்துவமும் இருக்கிறது. ஆறவைத்த சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி குடலில் சீக்கிரம் செரிக்காத மாதிரி மாறிவிடும். மாயமெல்லாம் இல்லை, கொஞ்சம்தான் வித்தியாசம். நம் ஊர்ச் சூட்டில் மட்டும் கவனம். சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள், அடுப்பு மேடையில் ராத்திரி முழுக்கக் கிடக்க வேண்டாம்.


பாயான் லெப்பாஸ் ஆந்தை · இரவு 11.50

அக்கா, உங்கள் வீட்டுக்காரர் மாதிரிதான் நானும். பிரேக்கில் இருக்கிறேன், அதனால் சுருக்கமாக.

இரவு ஷிப்டில் எங்களைக் கெடுப்பது விடியற்காலை மூன்று மணி. தூக்கத்தைப் பசி என்று நினைத்துக்கொண்டு கேன்டீனில் மீ கோரெங்கும் (வறுத்த நூடுல்ஸ்) டின் தண்ணியும் வாங்கிவிடுவோம். பாக்கெட் மீ இன்னும் மோசம். இரவில் உடம்பு சீனியைச் சரியாகக் கையாளாது என்று கம்பெனிக்கு வந்த டாக்டர் சொன்னார். இப்போது நான் வீட்டில் மாலை ஆறரைக்குச் சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறேன். டப்பாவில் அவித்த முட்டை இரண்டு, அவித்த கச்சான் (நிலக்கடலை) ஒரு பிடி, ஒரு கொய்யா. கொய்யாவுக்கு ஆசாம் பொடி தொடுவதில்லை. (அந்தப் பொடி முழுக்க உப்பு, அவருக்குப் பிரஷர் என்கிறீர்கள்.) காலையில் ஷிப்ட் முடிந்து வரும்போது ரொட்டி சானாய் (பரோட்டா) கடையைத் தாண்டி வருவதுதான் கஷ்டம். அதற்கு வழி தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.


செந்தூல் அக்கா · வெள்ளி, மதியம் 1.40

உப்பைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன், ஆந்தை தம்பிதான் தொட்டார். என் வீட்டுக்காரருக்கும் பிரஷர், அதனால் நான் எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். நம் நாட்டில் சராசரியாக 8 கிராமை ஒட்டிச் சாப்பிடுகிறோம். நான் சமையலில் உப்பைக் குறைத்துவிட்டேன், ஆனாலும் பிரஷர் இறங்கவில்லை. பிறகு ஒரு வாரம் எழுதிவைத்தேன். சமையல் உப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். கிச்சாப் (சோயா சாஸ்) ஒரு மேசைக்கரண்டியில் சோடியம் கிட்டத்தட்ட 900 மில்லிகிராம், நாள் முழுக்க அனுமதிக்கப்பட்டதே 2,000தான். பெலாச்சான் (புளித்த இறால் விழுது) போட்ட சம்பால், ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், சூப் கியூப், கருவாடு. பூசத்துக்கும் புரட்டாசிக்கும் சைவம் என்று வாங்குகிற சைவ மட்டன், சைவக் கோழிப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், தூக்கிவாரிப்போடும். அதற்குத் தெம்பே (புளிக்கவைத்த சோயா) எவ்வளவோ மேல்.

வெளியில் சாப்பிடும்போது நான் ஒன்றே ஒன்று செய்கிறேன். நாசி சம்போர் கடையில் (சோறும் கறிகளும் நாமே எடுத்துக்கொள்கிற கடை) தட்டை வாங்கியதும் முதலில் காய் வைப்பேன், பாதித் தட்டு. அப்புறம் மீன். சோற்றைக் கடைசியில் போடச் சொல்வேன். கடைக்காரர் முறைப்பார், பழகிக்கொண்டார். குழம்பு மேலே ஊற்ற வேண்டாம், ஓரத்தில் போதும். பினாங்கில் நாசி கண்டார் கடையில் இதைச் சொன்னபோது, குழம்பு வெள்ளமாகப் போகாத சோற்றைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர் எனக்காக வருத்தப்பட்டார்.


பழைய மிஸ்ஸி · இரவு 9.15

இப்போது பையன்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு டயட் கிடையாது. வளர்கிற வயது, எடையைக் குறைக்க ஓட வேண்டாம். எடை இப்படியே நின்று, உயரம் கூடினாலே போதும். அவன் தட்டிலிருந்து சோற்றை எடுக்காதீர்கள். வீட்டிலிருக்கும் இனிப்புத் தண்ணி போத்தல்களை எடுத்துவிடுங்கள். தங்கச்சிக்கும் கிடையாது, அப்பாவுக்கும் கிடையாது, வீட்டுக்கே கிடையாது. அப்போது அது தண்டனையாகத் தெரியாது. பள்ளிக்கு வெறும் தண்ணீர். "குண்டு" என்று விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்லக் கூடாது, பாட்டி உட்பட. கடிதத்தை ஏன் பைக்கு அடியில் ஒளித்தான் என்று நினைத்துப் பாருங்கள்.

மகள் காய் தின்னமாட்டாள் என்றீர்கள். வதக்கிக் குழைத்த காய்தானே எல்லாம்? மார்க்கெட்டில் கச்சாங் போத்தோல், நாலு சிறகோடு இருக்குமே அந்தச் சிறகவரை, வாங்கி நறுக்கிப் பச்சையாகத் தட்டில் வையுங்கள். வெள்ளரி, தாவ்கே (முளைப்பயறு). கரகரவென்று சத்தம் வந்தால் பிள்ளைகள் தின்னும். மலாய்க்காரர்கள் ஊலாம் என்று பச்சையாகச் சாப்பிடுகிறார்கள் பாருங்கள், நாம் அவர்களிடமிருந்து நாசி லெமாக்கை (தேங்காய்ப்பால் சோறு) மட்டும் எடுத்துக்கொண்டோம். வல்லாரையை அவர்கள் தினம் தின்கிறார்கள், நாம் அதை மாத்திரையாக வாங்குகிறோம்.

மீனுக்குக் கெம்போங் (கானாங்கெளுத்தி) போதும். சால்மன் வேண்டாம், அதன் நல்ல கொழுப்பு இதிலும் இருக்கிறது. பொரிக்காமல் குழம்பில் போடுங்கள்.

எண்ணெய்க்கு ஒரு சுலபமான கணக்கு. அந்த 2.50 வெள்ளி (ரிங்கிட்) ஒரு கிலோப் பாக்கெட் பாமாயில், திறந்த தேதியைப் பேனாவால் எழுதிவையுங்கள். ஐந்து பேருக்கு எட்டு நாளில் தீர்ந்தால் ஆளுக்கு தினம் 25 கிராம், 225 கலோரி, வெளியில் தின்ற வடை இல்லாமல். பாமாயிலில் கிட்டத்தட்டப் பாதி உறைகிற கொழுப்பு. பாக்கெட் பதினைந்து நாள் வரும்வரை இழுத்துப் பாருங்கள்.


ஆயர்ஈத்தாம் மருமகள் · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9.05

மன்னிக்கவும், பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். எல்லாவற்றையும் அச்செடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். வீட்டுக்காரர் கேலி செய்கிறார்.

நடந்ததைச் சொல்கிறேன். அரிசி இரண்டரை கப் ஆகியிருக்கிறது, நான்கிலிருந்து வாரம் ஒரு அரை கப்பாக. மாமியாரின் அரை கப்பையும் சேர்த்துத்தான் அந்த இரண்டரை. கிளினிக்கில் சொன்னேன், கிளிக்லசைடைக் குறைத்து வீட்டில் குத்திப் பார்க்கச் சொன்னார்கள். காலை வெறும் வயிற்றில் 10, 11 மில்லிமோல் என்று இருந்தது, இப்போது 8-ஐ ஒட்டி வருகிறது. இரண்டு நாள் 12 காட்டியது. விசாரித்ததில் பக்கத்து வீட்டு வளைகாப்புக் கேசரி.

எண்ணெய்ப் பாக்கெட் பதினொரு நாள் வந்தது. முன்பு ஏழு.

மகன் முதல் வாரம் போத்தலைத் தேடினான், அப்புறம் கேட்பதில்லை. பள்ளியில் வாங்குகிறானா தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. மகள் சிறகவரையைச் சம்பாலில் தொட்டுத் தின்கிறாள். மற்றக் காய்க்கு இன்னும் பூட்டுதான். வீட்டுக்காரர் முட்டை டப்பா கொண்டுபோகிறார். ஆனால் காலையில் ரொட்டி சானாய் கடையைத் தாண்டி வருகிறாரா என்றால், சட்டையில் பருப்புக் குழம்பு வாசம் வருகிறது. ஆந்தை தம்பி, வழி கிடைத்தால் நீங்களே எனக்குச் சொல்லுங்கள்.

மாமியார் தே ஓ கோசோங் குடிக்கிறார், சுக்குத் தட்டிப் போட்டு. இப்போது யார் கேட்டாலும் "சுக்கு சுக்கு சாப்பாடு" என்று அவரே விளக்கம் சொல்கிறார்.

அப்புறம், நேற்று நடந்தது. பழைய சோறு மிஞ்சுவதே இல்லை, எல்லாரும் சாப்பிட்டுவிடுகிறார்கள் என்று அரை கப்பைக் கால் கப்பாக்கச் சொல்லி மாமியாரைச் சம்மதிக்க வைத்திருந்தேன். நேற்றுதான் முதல் நாள். இரவு எட்டு மணிக்குச் சுங்கைப் பட்டாணியிலிருந்து அவருடைய தம்பி, மனைவி, இரண்டு பிள்ளைகள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார்கள். குக்கரைத் திறந்து பார்த்துவிட்டு மாமியார் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நான் தோசைக்கல்லை எடுத்து அடுப்பில் வைத்தேன்.


தோட்டத்துப் பிள்ளை · இரவு 9.31

கால் கப்பை நாளையிலிருந்து அரை கப் ஆக்கிவிடுங்கள் மருமகளே.


ஆயர்ஈத்தாம் மருமகள் · இரவு 9.33

இன்று காலையிலேயே ஆக்கிவிட்டார் ஐயா. முக்கால் கப்.